நிழல் கணக்கு

பள்ளத்தூரில் கிழக்குப் பார்த்த வீடு.
மேலே கைப்பிடிச் சுவரில் சுதையாய் ஒரு லட்சுமி,
யானை இரண்டு,
பக்கத்துக்கு ஒருவனாய்த் துப்பாக்கி ஏந்திய
வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.

மார்கழியில்தான் நிழல் அதிகம் நீளும்.
அதனால்தான் மார்கழியில் அளக்க வந்தேன்.
மொட்டை மாடியில் சாக்கட்டியால்
ஆறு பலகைக்கு ஆறு கட்டம் போட்டேன்.
காலை ஒன்பதே கால்:
தெற்குச் சிப்பாயின் துப்பாக்கி நிழல்
மூன்றாவது கட்டத்தில் குத்தி நின்றது.
பத்தே முக்காலுக்குள் விலகிவிட்டது.
"பாதகமில்லை" என்று நோட்டில் எழுதினேன்.

மூன்று கிலோவாட். இரண்டு நாள் வேலை.
ஆனால் வீடு இருபத்திரண்டு புள்ளிக்குச் சொந்தம்.
பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் வருவார்கள்,
ஒரே நாளில் வாங்கிவிடலாம் கையெழுத்து
என்றுதான் உமையாள் என்னை வரச்சொல்லியிருந்தாள்.
இரண்டாங்கட்டில் இரண்டு அறை, தனி மீட்டர்,
வருஷம் முழுக்க அங்கே இருப்பவள் அவள் ஒருத்திதான்.

படிவத்தை முதலில் வாங்கியவர் அடைக்கப்பன்.
பேனாவைத் திறந்தார். மூடினார்.
"அதிருக்கட்டும், ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க?
நாட்டையே சூரியனை நம்பி விட முடியுமா?"
தூத்துக்குடியில் நிலக்கரி இறக்குகிறவர்.
"அணு உலைதான் வழி" என்றது
பினாங்கிலிருந்து ஒரு குரல்,
போனில் முகம் உறைந்துபோய், வாய் பாதி திறந்தபடி.
ஆடிக் காற்றில் சுற்றிய மின்சாரத்தை
வாங்க ஆளில்லாமல் காற்றாடியை நிறுத்திய கதையை
வயிரவன் ஆரம்பித்தான், முடிக்கவில்லை.
மாநில உரிமை. இறக்குமதி வரி. சீனப் பலகை.
"மானியம் கொடுத்தா சனம் கெடும்,
கொடுக்காட்டி ஆட்சி கெடும்"
என்று நாச்சம்மை சொன்னதற்கு மட்டும்
எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது.
யாரும் கேட்கவில்லை, காப்பி கொடுத்தார்கள்.

அவர்கள் வளவு ஓரம் பேசிக்கொண்டிருக்க
முகப்பில் ஆளே இல்லாமல் ஏழு விசிறி சுற்றின.
தொங்கு விளக்கில் நாற்பது குண்டு பல்பு,
பட்டப்பகலில், யாரோ போட்டோ எடுக்கப் போட்டது.
தொழில் புத்தி. கூட்டிப் பார்த்தேன்:
ஒன்றே முக்கால் மணி நேரக் கொள்கை விவாதத்துக்கு
ஐந்து யூனிட் சொச்சம்.

எட்டுக் கையெழுத்து விழுந்தது.
மற்றவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்."

பொழுது சாய்ந்து இழை எடுத்தார்கள்.
மாவுக்குள் இருபத்தோரு நூல் திரி,
ஏற்றி, எரிய எரிய வாயில் போட்டுக்கொண்டார்கள்.
அடைக்கப்பன் கண்கூடச் சிமிட்டவில்லை.
நெருப்பை விழுங்குகிறவருக்கு
வெயிலைக் கூரையில் வாங்க என்ன தயக்கமோ.

நான் பையை மூடும்போது உமையாள் கேட்டாள்:
"கையெழுத்து வேண்டாத வேலை எதுனாச்சும் இருக்கா?"

கையில் இருந்தது படிவம் மட்டும்தான்.
அவள் ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் அதை வைத்து
கதவைச் சாத்தி, இழுத்தேன்.
வெண்ணெயில் கத்தி போல வந்தது.
"ரப்பர் போயிருச்சு. குளிர் ராப்பகலா வெளியே போகுது."
மேல் மூலை, கீழ் மூலை,
எட்டுப் பேர் கையெழுத்தோடு வழுக்கி வழுக்கி வந்தது.
அந்தத் தாளின் முதுகிலேயே எழுதிக் கொடுத்தேன்:
ரப்பர் எண்ணூறு ரூபாய்,
விசிறி இரண்டு, இருபத்தெட்டு வாட்,
கீசர் குழாய்க்கு உறை,
கீசரைக் குளித்ததும் அணைக்க.
அவள் சத்தமாகப் படித்துவிட்டு
"கடைசிது இலவசமா?" என்றாள்.

மாசியில் போன் பண்ணினாள்.
அறுநூற்றிருபது வந்துகொண்டிருந்த மீட்டர்
நானூற்று எண்பத்தாறில் நின்றதாம்.
ஐந்நூறு தாண்டினால் படி மாறும், பில் எகிறும்;
அதைத் தாண்டாமல் நின்றதை இரண்டு தரம் சொன்னாள்.

கையெழுத்து?
இன்னும் எட்டுதான்.
பினாங்குக்காரர் மட்டும்
அணு உலை பற்றிப் பதினான்கு பக்கம் அனுப்பியிருக்கிறார்.

மழை இல்லை, சாக்கட்டிக் கோடு அப்படியே கிடக்கிறது.
காலையில் வற்றல் காயப்போட ஏறினேன் என்றாள்,
ஒன்பதே கால் இருக்கும்,
சிப்பாயின் துப்பாக்கி இப்போது
மூன்றாவது கட்டத்துக்கு எட்டவே இல்லையாம்.